ரஜிதா ரீச்சர் பிரித்த பட்டியல்

கணக்குப் படிப்பிக்கிற ஆட்களுக்கு ஒரு திமிர் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்கள், தாங்கள் மட்டுந்தான் நிரூபித்துவிட்டுச் சொல்கிறவர்கள் என்ற திமிர். முரசுமோட்டைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஒன்பதாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பித்த ரஜிதாவுக்கு அது கொஞ்சம் கூடவே இருந்தது. இருக்கட்டுமே, கெட்டிக்காரிதான். முப்பத்தாறு வயதில் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, குசினிச் சமையலையும் பார்த்து, சனி ஞாயிறில் கல்வி முதுமாணிக்கும் படிக்கிறவளுக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் அவள் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கும் கூசும். எனக்குச் சொல்லவே கூசுகிறது.

முதுமாணிப் பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ரஜிதா எடுத்த தலைப்பு இதுதான்: மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் கணிதத்தில் எடுக்கிற சராசரிப் புள்ளியில் வித்தியாசம் உண்டா? எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாடசாலையில் நிறையப் பேர். மூன்று தலைமுறையாகிவிட்டது. ஒரே ஷெல்லடிக்குள் ஓடி, ஒரே முகாமில் கிடந்து, ஒரே வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்தும் ஊர் வாயில் அவர்கள் இன்னும் "தோட்டத்து ஆக்கள்"தான். கலியாணப் பேச்சு வரும்போது பாருங்கள், அந்தச் சொல் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு தெளிவாகச் சொல்லப்படும் என்று.

ரஜிதாவும் அந்த ஆட்களில் ஒருத்திதான். தகப்பன் பெயர் பழனியாண்டி. அந்தப் பெயரைச் சொன்ன உடனேயே கேட்கிறவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கலியாணம் முடித்தபோது அவளுக்கு வந்த பெரிய நிம்மதி, "ப. ரஜிதா" போய் "திருமதி வினோதன்" ஆனதுதான். புருஷனுக்கு எல்லாம் தெரியும். அவன் அதை ஒரு விஷயமாகவே எடுக்காதவன். பாடசாலையில் யாரும் ஊர் எது என்று கேட்டால், "வவுனியாப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். தாய் தகப்பன் செட்டிகுளத்தில் தம்பியோடு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பதினொரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

பிறகு ஏன் இந்தத் தலைப்பை எடுத்தாள் என்று கேட்பீர்கள். அங்கேதான் அவளுடைய ஆசை இருந்தது. இப்படி இரண்டு சராசரியை ஒப்பிடுகிற புள்ளிவிபரச் சோதனையில் முதலில் ஒரு சூனியக் கருதுகோள் எழுத வேண்டும். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இதை முதன்முதல் படித்த அன்று ரஜிதா அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். ஊரில் ஒருவரும் தராத மரியாதையை ஒரு கணக்குத் தருகிறதே! வித்தியாசம் இல்லை என்று எண்ணிலேயே காட்டிவிட்டால், தன் மனதுக்குள் சின்ன வயதிலிருந்து கிடந்து அரிக்கிற ஒன்று அடங்கிவிடும் என்று நம்பினாள்.

ஆசை நல்லதுதான். வேலையில்தான் பிழை விட்டாள்.

ஒன்பதாம் ஆண்டில் இரண்டு வகுப்பும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். வகுப்பு வரவுப் பதிவேடான இடாப்பில் எல்லாருக்கும் "இலங்கைத் தமிழர்" என்றுதான் இருந்தது. யார் மலையகக் குடும்பம், யார் இல்லை என்று அறிய வேண்டுமென்றால், ஒரு படிவம் அடித்துப் பெற்றாருக்கு அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும். ரஜிதா கேட்கவில்லை. கேட்டால் யார் உள்ளதைச் சொல்வார்கள்? தன்னிடம் ஒருவர் கேட்டால் தான் சொல்வாளா? அதனால் கண்ணை நம்பினாள். ஒளிக்கிறவளுக்குத்தானே அடையாளம் எல்லாம் தெரியும்! தகப்பன் பெயர், குடியிருக்கிற ஒழுங்கை, "ஓம்" என்று வர வேண்டிய இடத்தில் வாய் தவறி வருகிற "ஆமா", தாயை எப்படிக் கூப்பிடுகிறார்கள். அரை மணித்தியாலத்தில் ஐம்பத்திரண்டு பேரைப் பிரித்துவிட்டாள். ஆறு பேர் அங்குமில்லை இங்குமில்லை என்று நின்றார்கள். அவர்களையும் ஒருமாதிரிப் பிரித்து முடித்தாள். எப்படிப் பிரித்தாள் என்பதை அவளே அப்போது கவனிக்கவில்லை. ஆய்வேட்டில் மட்டும் "பாடசாலைப் பதிவேடுகளின் அடிப்படையில் பிரிக்கப்பட்டது" என்று அழகாக எழுதினாள்.

இரண்டாம் தவணைப் புள்ளிகளை மடிக்கணினியில் ஏற்றி, ரீ-சோதனை (t-test) என்ற அந்த ஒப்பீட்டை ஓடவிட்டாள். மலையகக் குடும்பத்துப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், சராசரி நாற்பத்து நான்கு புள்ளி ஒன்று. மற்றவர்கள் முப்பத்தாறு பேர், சராசரி ஐம்பத்தைந்து புள்ளி ஆறு. பி பெறுமானம் பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் ஆறு. அதாவது, உண்மையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாய் வருவது ஆயிரத்தில் ஆறு தடவைதான். நூற்றில் ஐந்துக்குக் கீழே போனாலே சூனியக் கருதுகோளைத் தூக்கி எறிந்துவிடலாம். இது ஆயிரத்தில் ஆறு.

ரஜிதா அந்த எண்ணை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். முதலில் ஒரு கேள்விதான் வந்தது. இவ்வளவு காலமும் ஊர் சொன்னது சரிதானா? அடுத்ததாய் வந்தது அதைவிடக் கேவலம். அப்படியென்றால் நான் எப்பேர்ப்பட்டவள், இந்தச் சனத்துக்குள் இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே, நான் ஒரு விதிவிலக்கு என்று மனம் மெல்லக் குளிர்ந்தது. சீ என்றிருக்கிறதா? அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் குளிர்ந்தது குளிர்ந்ததுதான்.

ஆசிரியர் ஓய்வறையில் ஜெயரூபினி ரீச்சர்தான் முதலில் கேட்டாள். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

"ஏனப்பா, ஆர் தோட்டத்து ஆக்கள், ஆர் இல்லையெண்டு நீர் என்னெண்டு பிரிச்சனீர்?"

"பதிவேட்டைப் பாத்து."

"பதிவேட்டில உப்பிடி ஒரு கோடு இருக்கோ? நானும் எத்தினை வருஷமா இடாப்பு அடையாளம் இடுறன், என்ர கண்ணில படேல்லையே!"

"பழைய பதிவேடு," என்றாள் ரஜிதா. சொல்லும்போதே காது சுட்டது. ஜெயரூபினி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனாள்.

இத்தோடு விஷயம் ஆய்வேட்டுக்குள்ளேயே கிடந்திருந்தால் ரஜிதாவின் மனச்சாட்சியோடு முடிந்திருக்கும். ஆனால் பாடசாலையில் ஆய்வு செய்தால் அதிபருக்குப் பெயர்ப் பட்டியலோடு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அதிபர் சிற்றம்பலம் கெட்டவரில்லை. காலமை ஆறரைக்கே வந்து தண்ணீர்த் தாங்கியைத் தானே திறந்துவிடுகிற மனிதர். பாடசாலையின் கணிதப் பெறுபேறு வலயத்தில் கடைசியில் கிடக்கிறது என்ற கவலை அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவருக்கு ரஜிதாவின் பிரதி, தேடிப்போன மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது போலாகிவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் அதை உயர்த்திக் காட்டினார்.

"இது ஆற்றையும் அபிப்பிராயம் இல்லை. விஞ்ஞானபூர்வமாச் செய்த ஆய்வு. எந்தப் பிள்ளையளுக்கு உதவி தேவையெண்டு ரஜிதா ரீச்சர் கண்டுபிடிச்சுத் தந்திருக்கிறா. மூண்டாம் தவணையில இருந்து இந்த இருபத்திரண்டு பேருக்கும் விசேட வகுப்பு. ஆறுதலா, அடியில இருந்து படிப்பிப்பம்."

இடம்? மீள்குடியேறி வந்த காலத்தில் போட்ட தகரக் கொட்டகை ஒன்று விளையாட்டுத் திடலுக்கு அங்கால் கிடந்தது. பழைய மேசைகள் அடுக்கி வைக்கிற இடம். அதைத் துப்புரவாக்கினால் போதும் என்றார்.

"சேர், அதில அறுபத்தாறு எடுத்த பெடியனும் இருக்கிறானே. அவனும் அடியில இருந்தோ?" என்றாள் ஜெயரூபினி.

"ஒவ்வொராளாப் பாத்தா முடிவெடுக்க ஏலாது ரீச்சர். குழுவாப் பாக்கவேணும். ஆய்வு அப்பிடித்தான் சொல்லுது. என்ன ரஜிதா ரீச்சர்?"

ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சராசரி என்பது ஒரு பிள்ளையின் தலையில் ஒட்டுகிற சீட்டு இல்லை என்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கே விளங்கப்படுத்தலாம். ரஜிதாவுக்கு அது தெரியாதா? தெரிந்தும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பி மறுத்தால், "உங்களுக்கேன் இதில இவ்வளவு அக்கறை?" என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, "ஓம் சேர்" என்றாள். பாவி!

வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஏறியது. மேலே "விசேட கவனிப்பு வகுப்பு" என்று மட்டுந்தான் இருந்தது. வேறொன்றும் எழுதத் தேவையிருக்கவில்லை. இருபத்திரண்டு பெயரையும் வாசித்த எந்தப் பிள்ளைக்கும் அது என்ன பட்டியல் என்று உடனே விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை இடைவேளையில் தேனுகா வந்தாள். ஒன்பதாம் ஆண்டில் முதலாம் பிள்ளை. கணிதத்தில் தொண்ணூற்றொன்று. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ரீச்சர், பலகையில போட்ட லிஸ்ட்டில என்ர பேர் விடுபட்டுப் போச்சு."

ரஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது. "உன்ர பேர் ஏனம்மா அதில வாறது?"

"மச்சாள் நிரோஜான்ர பேர் இருக்கு ரீச்சர். அவவின்ர அப்பாவும் என்ர அம்மாவும் கூடப்பிறந்தவை. நாங்களும் அந்த ஆக்கள்தானே." பிள்ளை கொஞ்சம் தயங்கியது. "அவ தனியப் போகமாட்டன் எண்டு அழுறா. என்னையும் போடுங்கோ ரீச்சர். நானும் கொட்டகைக்குப் போறன்."

முகத்தில் ஒரு குறையும் இல்லாமல், மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் விடச் சொல்லிக் கேட்பதுபோலக் கேட்டது அந்தப் பிள்ளை. ரஜிதாவின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. "நீ போ, நான் பாக்கிறன்" என்று அனுப்பிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள்.

அந்த ஆறு பேர். இப்போது ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம். இடாப்பில் பிரிபடாமல் நின்ற ஆறு பெயருக்கும் பக்கத்தில் அவள் விரித்து வைத்தது புள்ளிப் புத்தகத்தை. தேனுகாவா? தொண்ணூற்றொன்று. சேச்சே, இந்தப் பிள்ளை எங்கே, அந்தச் சனம் எங்கே. மற்றப் பக்கம். அடுத்தவன் எண்பத்து மூன்று. மற்றப் பக்கம். எழுபத்தாறு, அதுவும் மற்றப் பக்கம். இருபத்து மூன்று எடுத்த சுமன்? ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே, மலையகம். இருபத்தேழு, முப்பத்தொன்று, அவர்களும் மலையகம். சூனியக் கருதுகோள் வித்தியாசம் இல்லை என்று தொடங்கச் சொன்னது. அவள் வித்தியாசத்தைத் தானே உள்ளே வைத்துவிட்டு, பிறகு சோதனை போட்டு அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெற்ற தகப்பன் பழனியாண்டி. அவருடைய மகள் இப்படி நினைத்திருக்கிறாள். வேறு யாரும் நினைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். தன்னோடு யார் சண்டை பிடிப்பது?

அன்று பாடசாலை விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போனாள். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை, இப்போது வெயிலுக்குள் வேர்த்து ஒழுகச் செய்தாள். சுமனின் தாய் கேள்வியைக் கேட்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்? நாங்கள் பரம்பரையா முரசுமோட்டை. எங்களைப் பாக்கத் தோட்டத்து ஆக்கள் மாதிரியே இருக்கு?"

"இல்லையம்மா, குறை நினைக்காதேங்கோ," என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டாள் ரஜிதா. எதற்கு மன்னிப்பு? தன்னைப் போல என்று சொன்னதற்கா? ஸ்கூட்டியைத் திருப்பும்போது கண் கலங்கி வழி தெரியவில்லை.

தேனுகா வீட்டில் தாய் ஞானேஸ்வரி முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். ரஜிதா சுற்றி வளைத்துக் கேட்ட கேள்விக்கு, "ஆமாங்க ரீச்சர், எங்க அப்பா அம்மா நுவரெலியாப் பக்கந்தான்," என்று ஒரு சுற்று வளைப்புமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு ரஜிதாவின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள்.

மற்ற நாலு வீட்டிலும் இதே கதைதான், அவள் பிரித்தது நேர்மாறு. ஆறு பேரையும் அவரவர் இடத்தில் போட்டுவிட்டுச் சோதனையை மறுபடியும் ஓடவிட்டாள். மலையகக் குடும்பங்கள் ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. மற்றவர்கள் ஐம்பது புள்ளி ஒன்பது. பி பெறுமானம் பூச்சியம் தசம் எட்டு நான்கு. வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை. ஐம்பத்தெட்டுப் பேரில் வெறும் ஆறு பேரைத் தன் மனம் போன போக்கில் மாற்றிப் போட்டதில், ஒரு சனத்தையே மொக்குச் சனமாக்கிவிட்டிருந்தாள். அவள் ஆசைப்பட்ட விடை இதுதான். இப்போது கையில் வந்திருக்கிறது. சந்தோஷப்பட ஒரு முகம் வேண்டுமே!

மறுநாள் காலையில் அதிபரின் அறைக்குப் போனாள். இரவெல்லாம் யோசித்து வைத்த பொய் ஒன்று இருந்தது.

"சேர், தரவு ஏத்தேக்க ஒரு தட்டச்சுப் பிழை நடந்துபோச்சு. ஆறு பேர் இடம் மாறி விழுந்திட்டினம்."

"அட, உது பெரிய பிரச்சினையே? நல்லவேளை இப்பவே சொன்னியள்." அதிபர் பேனையை எடுத்தார். "அப்ப சுமனையும் மற்ற ரெண்டு பேரையும் லிஸ்ட்டில இருந்து எடுப்பம். புதுசா ஆர் வருகினம்?"

"தேனுகா, சேர். மற்றது எண்பத்து மூண்டு எடுத்த..."

"தேனுகாவோ?" அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருநாளும் நினைச்சிருக்கமாட்டன். சரி, அந்த மூண்டு பேரும் விதிவிலக்கு. அவையளை விடுவம். மிச்சப் பத்தொன்பது பேரோட தொடங்குவம்."

"சேர், இப்ப சராசரி ரெண்டும் ஒண்டுதான். வித்தியாசம் இல்லை."

"ரீச்சர், போன கிழமை ஆயிரத்தில ஆறு எண்டியள். இப்ப இல்லையெண்டுறியள். நான் எதை நம்ப? கெட்டிக்காரப் பிள்ளையள் எல்லா இடத்திலயும் ஒண்டு ரெண்டு இருக்குந்தானே. அதை வைச்சு அந்தச் சனத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பெற்றாரைக் கூப்பிட்டிருக்கிறன். நீங்கள்தான் அவையளுக்கு விளங்கப்படுத்தவேணும்."

கெட்டிக்காரர் வந்தால் விதிவிலக்கு. மொக்கர் வந்தால் அந்தச் சனம். தன்னுடைய கணக்கையே அதிபர் தன் முகத்துக்கு நேரே போட்டுக் காட்டுகிறார் என்று ரஜிதாவுக்கு விளங்கியது. விதிவிலக்கு என்ற சொல்லில் தான் ஒருநாள் குளிர்காய்ந்ததும் ஞாபகம் வந்தது. அந்த நேரத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வயலில் நின்றபடியே வந்தவர்கள், கூலி வேலையை அரைநாளில் விட்டு வந்தவர்கள். எல்லாரும் பின்வரிசைக் கதிரைகளில்தான் இருந்தார்கள். முன்னுக்கு வரச் சொல்லியும் வரவில்லை. பட்டியலில் மகள் பெயர் இல்லாவிட்டாலும் ஞானேஸ்வரியும் வந்திருந்தாள். மேசையில் அதிபர். ஓரத்தில் ஜெயரூபினி. யன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சிலர்.

ரஜிதா எழும்பி, சராசரி என்றால் என்ன என்று தொடங்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் திக்கித் திணறுவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து ஒரு மனிதர் எழும்பினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், நீங்க சங்கடப்படாதீங்க. எங்க புள்ளைங்களுக்கு மூளை கொஞ்சம் மட்டுன்னு எங்களுக்கே தெரியும். நாங்க படிக்காத ஆளுங்க. நீங்க அதுங்க நல்லதுக்குத்தான் செய்வீங்க. கொட்டகைன்னாலும் படிச்சாச் சரி."

அதுதான். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை அவளுக்கு. தான் எழுதிய எண்ணை இந்த மனிதர் தன் பிள்ளைமேல் எழுதிக்கொண்டுவிட்டார். நன்றியும் சொல்கிறார்.

"ஐயா, இருங்கோ," என்றாள். "உங்கட பிள்ளையளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னில. நான் ஒருத்தரிட்டயும் கேக்காமல் பேரையும் முகத்தையும் பாத்துப் பிரிச்சனான். தெரியாத பிள்ளையளைப் புள்ளியைப் பாத்துப் பிரிச்சனான். நல்லாச் செய்த பிள்ளை எங்கட பிள்ளையா இருக்காது எண்டு நினைச்சனான். அது தட்டச்சுப் பிழை இல்லை சேர், உங்களுக்கும் பொய்தான் சொன்னனான். சரியாப் பிரிச்சால் ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை."

"எங்கட பிள்ளையோ?" என்றார் அதிபர், விளங்காமல்.

ரஜிதா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்ர அப்பாவின்ர பேர் பழனியாண்டி, சேர். நானும் இவையளில ஒராள்தான்."

ஜெயரூபினி வாயில் கைவைத்துக்கொண்டாள். அதிபர் எழும்பி, ஒருவரையும் அனுப்பாமல், தானே அறிவித்தல் பலகைக்குப் போய்ப் பட்டியலைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். "வகுப்புத் தொடங்காது. நானும் கேட்டிருக்கவேணும். ஆரிட்டயும் கேக்காமல் செய்தது என்ர பிழையுந்தான்," என்று பெற்றாரைப் பார்த்துச் சொன்னார். அவருடைய காதும் சிவந்திருந்தது.

சனம் எழும்பிக் கலைந்தது. ஒருவரும் ரஜிதாவை ஏசவில்லை. ஏசினால் கொஞ்சம் ஆறியிருக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத பலகையை அழித்துக்கொண்டு நின்றாள். ஞானேஸ்வரி பக்கத்தில் வந்தாள்.

"ரீச்சர், நீங்க இவ்வளவு பேருக்கு முன்னால அதச் சொல்லியிருக்க வேணாம்."

"சொல்லாமல் விட்டதாலதானே இவ்வளவும், அக்கா."

"எங்களுக்குத் தெரியுங்க. நீங்க இங்க வந்த முதல் கிழமையே தெரியும். முகாமில உங்க அம்மாவும் நானும் ஒரே வரிசையில தண்ணிக்கு நின்னவங்க. நீங்க அப்ப கூடாரத்துக்குள்ள புத்தகமும் கையுமா இருப்பீங்க. நம்ம புள்ள ஒண்ணு ரீச்சரா வந்திருக்குன்னு அன்னைக்கு எங்க ஒழுங்கையில பாயாசம் காய்ச்சினோம்."

ரஜிதாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "அப்ப ஏன் ஒருநாளும் கேக்கேல்ல?"

"நீங்க சொல்லலையே. ஒளிச்சு வச்சிருக்கிறத நாங்க ஏன் எடுத்து வெளிய போடணும்? புள்ளைங்ககிட்டயும் ஒவ்வொரு வருஷமும் சொல்லித்தான் அனுப்புவோம். ரீச்சர் நம்மாளுன்னு வெளிய மூச்சு விடக்கூடாது, அவங்களுக்குக் குறைச்சலாப் போயிரும்னு."

பதினொரு வருஷம். அந்த ஒழுங்கையிலிருந்து வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவளுக்கு முன்னால் இருந்து கணக்குச் செய்திருக்கிறார்கள். தொண்ணூற்றொன்று எடுத்தவள், அறுபத்தாறு எடுத்தவன், கொட்டகைப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே தேனுகாவும் நிரோஜாவும் நின்றார்கள். அவள் பார்ப்பதைக் கண்டதும், இப்போதும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல அவசரமாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.